பத்தொன்பதாவது பொட்டலம்

சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்று மிஞ்சிவிட்டது.

விஜயபாஸ்கருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கேம்ப் சமையற்காரன் என்றைக்கு ஒன்று கூடக் கொடுத்திருக்கிறான்? குறைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டால், "மாஃபி, மாஃபி" என்று கையை விரிக்கிற ஆள். டிரைவர் சாதிக் பாட்ஷாவையும் சேர்த்துப் பத்தொன்பது பேர், பத்தொன்பது பொட்டலம். அப்படியென்றால் மிஞ்சியது பொட்டலம் இல்லை, குறைந்தது ஆள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"கார்மேகம் எங்கப்பா?"

யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துச் சீட்டுக்காரன் வாய் நிறையச் சோற்றோடு தோளைக் குலுக்கினான்.

டெல்மா தீவில் புது சைட். கரையில் ஜெபல் தன்னா துறையில் கம்பெனி பஸ்ஸை அப்படியே படகின் அடித்தளத்தில் ஏற்றி நிறுத்துவார்கள். ஆட்கள் இறங்கி, ஏசி போட்ட மேல்தளத்துக்கு வந்துவிட வேண்டும். தீவு வந்ததும் அதே பஸ்தான் கேம்ப்புக்குக் கொண்டுபோகும். படகு கிளம்பி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

விஜயபாஸ்கர் கக்கூஸ் கதவுகளைத் தட்டினான். தொழுகை அறையில் எட்டிப் பார்த்தான். சிகரெட் பிடிக்கிற இடத்துக்கு ஓடினான். கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தான். ஆகஸ்ட் மாதத்து நடுப்பகலில் தண்ணீர் கண்ணைக் கூச வைத்தது. விழுந்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள்?

கார்மேகம் வேறு யாருமில்லை, தங்கை பானுப்பிரியாவின் புருஷன். முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து நான்கே நாள்தான் ஆகிறது. விசா எடுத்துக் கொடுத்ததே விஜயபாஸ்கர். "அண்ணே, அவருக்கு வாயே கிடையாது. நீதான் பாத்துக்கணும்" என்று தங்கை ஏர்போர்ட்டிலிருந்து போனில் சொன்னாள். நானாச்சு என்றான் இவன். பார்த்துக்கொண்ட லட்சணம்தான் இப்போது தெரிந்தது.

கேங்கில் இருந்த பிகார்காரர் ஒருவர் கையைத் துடைத்தபடி வந்தார். அவர் இந்தியில் சொன்னது இதுதான்: மேல்தளத்துக்கு ஏறும்போது படிக்கட்டில் ஒரே நெரிசல். மேலே நின்ற படகுக்காரர் கையைக் குறுக்கே நீட்டி, "பஸ், பஸ்" என்று கத்தினார். எல்லாரும் அங்கேயே நின்றார்கள். கார்மேகம் மட்டும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக் கீழே இறங்கினான்.

விஜயபாஸ்கருக்குப் புரிந்துவிட்டது. இந்தியிலும் சரி, அரபியிலும் சரி, பஸ் என்றால் 'போதும், நிறுத்து' என்று அர்த்தம். நான்கு நாள் தமிழனுக்கு அது என்னவென்று தெரியும்? பஸ் என்றால் அவனுக்குப் பஸ்தான். பஸ்ஸுக்குப் போகச் சொல்கிறார்கள் என்று போய்விட்டான். யார் என்ன சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்காமல் செய்யணும் என்று முதல் நாளே பாடம் நடத்தியவனும் இதே விஜயபாஸ்கர்தான். வாத்தியார் வேலை வேறு பார்த்திருக்கிறான் மடையன்.

இன்ஜின் அணைத்த பஸ். ஏசி கிடையாது. இரும்புக் கூடாரத்துக்குள் நாற்பது நிமிடம்.

படிக்கட்டின் அடியில் இருந்த இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. படகு ஓடும்போது திறக்கக் கூடாது என்று ஆரஞ்சுச் சட்டை போட்ட படகுக்காரர் ஒருவர் மறித்தார். ஒன்பது வருடம் பேசிய இந்தி அந்த நேரம் பார்த்து விஜயபாஸ்கரைக் கைவிட்டது. "ஏ, உள்ள ஆளு இருக்குய்யா! செத்துப் போயிருவான்யா!" என்று தமிழில் கத்தினான். பின்னாலேயே ஓடிவந்த சாதிக் பாட்ஷாதான் விஷயத்தைச் சொன்னார். ஆரஞ்சுச் சட்டைக்காரரின் முகம் வெளுத்தது. பஸ் பஸ் என்று கத்தியது அவரேதான். வாக்கிடாக்கியில் ஏதோ சொல்லிக்கொண்டே சாவிக்கு ஓடினார்.

சாவி வர மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் விஜயபாஸ்கர் தங்கைக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டான்.

கதவு திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. தண்ணீர் லாரிக்கும் காய்கறி வண்டிக்கும் நடுவே அவர்கள் பஸ். மூன்றாவது வரிசை ஜன்னலில் கார்மேகத்தின் தலை சாய்ந்திருந்தது. சீட் பெல்ட்டைக்கூட ஒழுங்காக மாட்டியிருந்தான். தொட்டால் உடம்பு கொதித்தது, வியர்வை துளிகூட இல்லை. மூக்கில் கை வைத்துப் பார்த்த சாதிக் பாட்ஷா, "மூச்சு இருக்கு, தூக்குங்க" என்றார்.

மேலே கொண்டுவந்து கிடத்தினார்கள். கேன்டீனிலிருந்த ஐஸ் அத்தனையும் அவன் அக்குளிலும் கழுத்திலும் வைக்கப்பட்டது. தீவில் ஆம்புலன்ஸ் நிற்கும் என்று கேப்டன் ஆள் அனுப்பிச் சொன்னார். இன்னும் ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடமும் விஜயபாஸ்கர் அவன் நெஞ்சின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்குவது ஒரு தடவை தாமதித்தாலும் இவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஆம்புலன்ஸ் டெல்மா துறையைத் தாண்டி ஆஸ்பத்திரி ரோட்டில் திரும்பும்போது கார்மேகம் கண் விழித்தான். கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"மச்சான், கேம்ப் வந்திருச்சா?"

"வந்திரும் மாப்ள. நீங்க பேசாதீங்க." அவனால் அதோடு விட முடியவில்லை. "பஸ் கதவு இறுகிக்கிருச்சா? தெறக்க முடியலயா?"

"அதெல்லாம் இல்ல மச்சான், தள்ளுனா தெறக்கும். நாந்தான் சாத்திட்டு உக்காந்தேன். தெறந்து கெடந்தா ஏசி போயிரும்னு நேத்து ரூம்ல வஞ்சீங்கள்ல? இப்ப வந்திருவாங்க, வண்டிய எடுத்திருவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

விஜயபாஸ்கர் அழுதுவிட்டான். நர்ஸ் பார்ப்பதைப் பற்றிக்கூட அவன் கவலைப்படவில்லை. கார்மேகத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மாப்ள, இனிமே யாரு என்ன சொன்னாலும், நானே சொன்னாலும், ஏன்னு ஒரு வார்த்த கேக்கணும். கேப்பீங்களா?"

"சரி மச்சான்" என்றான் கார்மேகம்.

ஏன் என்று கேட்கவில்லை.