ஈரப் பஞ்சு

அருங்காட்சியகத்தின் மூன்றாவது கூடத்து அண்டாக்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தாயிஸ்யா அக்கா மறுபடியும் வந்து நின்றார். சுவரோரம் தண்ணீர் வைக்காவிட்டால் எங்கள் ஊர்க் காற்றில் ஓவியங்களெல்லாம் சருகாகிவிடும். கடல் வற்றிப்போன பிறகு காற்றோடு உப்பும் வருகிறது. ஒரு வாளி வாங்கிக் கொடுக்கவும் அரசாங்கத்துக்கு வக்கில்லை. எங்கள் வீட்டுப் பாத்திரங்களைத்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். காவலாளி ஒராஸ்பாய் அக்காவின் பின்னாலேயே வந்தார்.

"இன்ஜிகுல், நீயே கேளு. டிக்கெட் வாங்க மாட்டாங்களாம். அப்பாவப் பாக்க எதுக்குடா டிக்கெட்டுங்கிறாங்க."

"விடுங்க அண்ணே, நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்க. அந்தப் படத்துப் பொம்பளைங்களும் இருவத்திரெண்டு வருஷமா வரிசைல நிக்கிறாங்க, இன்னும் ஒரு ரொட்டி வாங்கின பாடில்ல" என்று முனகிக்கொண்டே போனார்.

அவர் சொன்ன படத்தின் முன்னால்தான் அக்கா நின்றிருந்தார். உயரமான ஒரு மரக்கதவு. அதன் முன் பதினொரு பெண்கள், ஆளுக்கொரு மூட்டை. மஞ்சளும் பச்சையுமான முகங்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்புக் கோடு. கீழே அட்டையில், 'ஜார் காலத்து ரொட்டி வரிசை. ஓவியர்: தெரியவில்லை.' அந்த அட்டையை எழுதியவள் நான். எழுதிய இரண்டுமே பொய். அது சிறைக்கதவு. ஐந்தாவதாக நிற்பவர் அக்காவின் அம்மா. அவர் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆறு வயதுக் குழந்தை இந்த அக்காதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில், சிறையிலிருந்த சித்தப்பாவைப் பார்க்க நின்ற வரிசையை அக்காவின் அப்பா வரைந்தார். மறு வருஷம் அவரையும் கொண்டுபோனார்கள். தாயும் மகளும் அதே கதவின் முன் அவருக்காக நின்றார்கள்.

எழுபத்தொன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அக்காவின் அம்மா ஒளித்து வைத்திருந்த படத்தை எங்கள் பழைய இயக்குநர் வாங்கி வந்திருந்தார். தலைநகரிலிருந்து பார்வையிட ஆட்கள் வரப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "இந்தப் பேரப் பாத்தாங்கன்னா படத்தக் கொளுத்திருவாங்க. தண்ணிச் சாயத்தக் கெட்டியாக் கொழச்சு மேல ஒத்தி மூடு, தேய்க்காத. காலம் ஒருநாள் மாறும். அப்போ ஈரப் பஞ்சால ஒரு தொட, பேர் வந்துரும்." மூலையில் இருந்த கையெழுத்தை நான்தான் மூடினேன். அடுத்த வாரம் வந்தவர்கள் படத்தின் முன் நின்று, ஜார் காலத்தில் ஜனங்கள் பட்ட பாட்டை நினைத்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

காலம் மாறியது. இயக்குநர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. இப்போது யாருடைய பெயரையும் எழுதலாம். ஆனால் கையெழுத்து வேண்டும், அல்லது அந்தக் காலத்துக் காகிதம் வேண்டும் என்கிறது அமைச்சகம். காகிதங்களையெல்லாம் அக்காவின் அம்மா அடுப்பில் போட்டுவிட்டார். என் வாய்ச்சொல் செல்லாது. பதிவேட்டில் பொய் எழுதிய கையும் என்னுடையதுதானே. அப்பா நிரபராதி என்று அரசாங்கம் கொடுத்த தாளை அக்கா என்னிடம் காட்டினார். கெராசிம் துபாசோவ். தொழில்: கூலி.

"கூலின்னு எழுதிட்டாங்க இன்ஜி. அவர் ஓவியர்னு சொல்ல ஒலகத்துல இந்தப் படத்து மூல ஒண்ணுதான் இருக்கு. கண்ணால ஒருதடவ பாத்துட்டுப் போயிடறேன்."

"தாஷ்கண்ட்லேர்ந்து பழுது பாக்குறவர் வரணும் அக்கா. ரெண்டு வருஷமா எழுதிட்டிருக்கோம். பெட்ரோல் இல்லங்கிறாங்க."

"எனக்கு அறுவத்திரெண்டு வயசு. இருவது மணி நேரம் ரயில்ல ஒக்காந்து வந்தேன். சாயங்காலம் திரும்பணும். இன்னொரு தடவ வருவேன்னு நெனக்கிறியா?"

நான் தனியாகத் தொட்டிருக்கக் கூடாது. குழு கூடி, படம் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகுதான் தொட வேண்டும். கேமரா இருக்கிறது, பிலிம் வந்து ஒரு வருஷமாகிறது. ஆனால் அதெல்லாம் சாக்கு. அந்த முகத்தில் சந்தோஷத்தைக் கொண்டுவந்தவள் நானாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எண்ணெய்ச் சாயத்தைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று இயக்குநர் சொல்லியிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்த வார்த்தையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

படத்தைக் கழற்றி ஜன்னலோரம் மேசையில் கிடத்தினேன். ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி அண்டாத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூலையில் மெல்ல உருட்டினேன். பஞ்சில் பழுப்பு ஏறியது, நான் பூசிய பழுப்பு. பஞ்சை மாற்றினேன். அடியிலிருந்து நீலமாக ஒரு கோடு எழுந்தது, ஓர் எழுத்தின் வளைவு.

"வருது! இன்ஜி, வருது!" அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. முழுப் பெயரையும் காட்டிவிடும் அவசரத்தில் இன்னும் ஒருமுறை உருட்டினேன்.

பஞ்சு நீலமாக இருந்தது. மூலையில் வெறும் மண் நிறம். பார்த்த வளைவும் இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கித்தான் துணியின் நூல்தான் தெரிந்தது.

"எண்ணெய்ச் சாயந்தானே" என்று என்னையறியாமல் சொன்னேன். "தண்ணி ஒண்ணும் பண்ணாதுன்னாரே."

அக்கா பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடசில அப்பாகிட்ட சாயம் தீந்துபோச்சு" என்றார். "வாங்கக் காசில்ல. அம்மா துணிக்குப் போடுற நீலத்தக் கரச்சுத் தாடின்னு கேட்டார். நான்தான் கிண்ணத்துல கரச்சுக் குடுத்தேன். எனக்கே மறந்துபோச்சே."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையை நீட்டினார். குச்சியிலிருந்து பஞ்சை உருவிக் கொடுத்தேன். அதைக் கைக்குட்டையில் வைத்து மடித்துக்கொண்டார்.

வாசலில் ஒராஸ்பாய் மறித்தார். போகிறவர்களின் கையையும் பையையும் சோதிப்பது அவர் வேலை.

"கைல என்ன? உள்ளேர்ந்து ஒரு துரும்பு வெளிய போகக் கூடாது. சட்டம்."

அக்கா கைக்குட்டையை விரித்துக் காட்டினார். ஒராஸ்பாய் குனிந்து பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு, இது என்ன என்பதுபோல என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தார்.

"வெறும் பஞ்சுதான் அண்ணே" என்றேன். "விடுங்க."

வெளியே உப்புக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. படியிறங்குவதற்குள் பஞ்சின் ஓரங்கள் காய்ந்துவிட்டன. காற்றில் பறந்துவிடாமல் அக்கா அதன்மேல் இன்னொரு கையைக் கவிழ்த்து மூடிக்கொண்டார்.