நின்று தொழுவித்தான்

மட்டக்களப்புக் கல்லடிக் கரையில் படகு தட்டியதும் ஹுதைபா முக்குளிக்கக் காலில் மாட்டியிருந்த நீச்சல் துடுப்பைக்கூடக் கழற்றவில்லை. தண்ணீர் புகாத கூட்டிலிருந்து கமராவை எடுத்து மனைவியிடம் நீட்டினான்.

"இங்க பாரு நதா. கடலுக்கடியில தாண்டு கெடக்கிற கப்பல்ட ஜன்னலால களவா மீன் எட்டிப் பார்க்குது. வீட்டுக்காரன் மாதிரி இல்லையா?"

"வாடகை கேக்குற மூஞ்சி" என்றாள் நதா.

கூடவே கடலடிக்கு இறங்கி ஏறிய வழிகாட்டி ஜனார்த்தனன் சிரிக்கவில்லை. "தம்பி, கையில கட்டியிருக்கிற மெசின் மேல வா மேல வா எண்டு கத்துது. நீங்க மீனோட கதைச்சிட்டு நிக்கிறீங்க. முதல் தரமும் அப்பிடி, ரெண்டாந்தரமும் அப்பிடி."

"ஒரு படம் சரியா வரணுமே அண்ண."

கண்டியில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருப்பவன் ஹுதைபா. இந்த ஒரு வாரத்துக்காக வருடம் முழுக்கக் காத்திருந்தவன். பையிலிருந்த அவன் தொலைபேசியை நதா எடுத்துப் பார்த்தாள். திரை நிறைய ஒரே பெயர். கண்டிக்கு அப்பால் அலவத்துகொடயிலிருந்து அவனுடைய மூத்த சகோதரி கைரியா. ஹுதைபா உடனே அவளை அழைத்தான்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச? காலையில இருந்து அடிக்கிறேன். வாப்பா மௌத்தாகிட்டார்டா. விடிய சுபஹு தொழுதிட்டுச் சாஞ்சார், எழும்பல்ல. பின்னேரம் அஸரோட அடக்கம். கெளம்பி வா."

ஹுதைபா மணலில் உட்கார்ந்துவிட்டான். விஷயத்தைக் கேட்ட ஜனார்த்தனன் பக்கத்தில் குந்தினான்.

"கவலையான விசயம்தான் தம்பி. ஆனா இண்டைக்கு மலை ஏறாதீங்க."

"மலை ஏறாம எப்புடிக் கண்டிக்குப் போற?"

"நாளைக்குப் போங்க. அடியில உடம்புக்குள்ள அமுங்கின காத்து மெல்ல மெல்ல வெளியில வரோணும். உசரத்துக்குப் போனா சோடாப் போத்தலத் திறந்த மாதிரி நுரைச்சிடும். பயிற்சியில உங்களுக்கும் சொல்லித் தந்ததுதானே. போகத்தான் வேணுமெண்டா பொலன்னறுவையால சுத்திப் போங்க, அவ்வளவு உசரமில்ல."

"சுத்திப் போனா அஸருக்குப் போய்ச் சேர ஏலா."

அவன் கைரியாவைத் திரும்ப அழைத்தான். "ராத்தா, நாளைக்கு விடிய அடக்க ஏலாதா?"

"என்னடா கேக்குற? மையத்த வச்சிக்கிட்டு உனக்காகப் பாத்திட்டு இரிக்கவா?"

"டைவ் பண்ணின ஆள் உடனே மலை ஏறப்படாது, ராத்தா. ஆபத்து."

"மலையில பொறந்தவனுக்கு மலை ஆபத்தா? வாப்பா ஒண்டே ஒண்டுதான் கேட்டார். எண்ட ஜனாஸாவ எண்ட மகன் நின்னு தொழுவிக்கணும் எண்டார். மீனுக்கு இரிக்கிற நேரம் வாப்பாக்கு இல்லையா?"

ஹுதைபா ஸ்டியரிங்கைப் பிடித்தான். வாகனம் மகியங்கனை வீதியில் ஓடியது.

வளைவுகளில் ஏற ஏறக் குளிர்ந்தது.

"தோள என்னத்துக்கு அப்புடிச் சொறியிறீங்க?"

"உப்புத் தண்ணி."

"முழங்கையையும் புடிச்சிக்கிறீங்க."

"நதா, வாய மூடிட்டு வா."

ஹுன்னஸ்கிரியவில் தேயிலைக்கு மேல் மூட்டம் இறங்கியிருந்தது. வாகனம் ஒரு மதகுச் சுவரில் உரசி நின்றது.

"நான் பிரேக் மிதிச்சனா?"

"என்ன கேள்வி இது?"

"மிதிச்சது தெரியல்ல. கால் மரத்துப் போச்சு."

"திரும்புவோம். பள்ளத்துக்கு இறங்கினா நல்லம்தானே?"

"தொழுவிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம். நீ ஓட்டு."

வாகனத்தின் திறப்பு இப்போது நதாவின் கையில். திரும்பியிருக்கலாம். திரும்பினால், மாமாவின் ஜனாஸாவுக்கு மகனை வரவிடாதவள் என்று ஊர் சொல்லும். கைரியா சாகும்வரை சொல்வாள். நதா கண்டிப் பக்கமே ஓட்டினாள்.

இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையில் குனிவதும் இல்லை, நெற்றி வைப்பதும் இல்லை. முழுவதும் நிற்க வேண்டும். வாப்பாவைக் கிடத்தியிருந்த சந்தூக்கின் விளிம்பை ஒரு கையால் பிடித்தபடி ஹுதைபா எல்லாருக்கும் முன்னால் நின்றான். கடைசித் தக்பீர் வரை குரல் உடையவில்லை. ஸலாம் கொடுத்து முடித்தான். அப்படியே மடிந்தான். பின்னால் நின்ற கைரியாவின் கணவன் அஸ்ஃபர் தாங்கிக்கொண்டான்.

"கவலை தாங்க ஏலாம விழுந்திட்டான்" என்றார் ஒருவர்.

"மகன் எண்டா இவன்தான் மகன்" என்றார் இன்னொருவர்.

வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். தண்ணீரில் ஓதி ஊதிக் குடிக்கக் கொடுத்தார்கள். காலைத் தேய்த்துவிட்டார்கள்.

"கவலை இல்ல, இது கடல்!" நதா கத்தினாள். "நரம்புல காத்து அடைச்சிரிக்கி. திருகோணமலைக்குக் கொண்டு போகணும். அங்க இதுக்கெண்டு அழுத்த அறை இரிக்கி."

"மெல்லப் பேசு புள்ள, ஜனாஸா வீடு."

"மதினி, நீங்களாவது சொல்லுங்க!"

கைரியா அழுது வீங்கிய முகத்தைத் திருப்பினாள். "வாப்பாவப் பறிகொடுத்தவன் ரெண்டு மணித்தியாலம் படுக்கட்டுமே. ஒரு பிளேன்டி ஊத்திக் குடு."

சிறுநீர் போகாமல் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறிய பிறகுதான் வாகனம் தேடினார்கள்.

திருகோணமலையில் நாள்தவறாமல் அந்த இரும்பறைக்குள் கிடத்தினார்கள். கடைசியில் டொக்டர் நதாவைத் தனியாகக் கூப்பிட்டார். "காலுக்கு உயிர் வர்றதா இருந்தா இதுக்குள்ள வந்திருக்கும், மிஸிஸ்" என்றார்.

வாப்பாவின் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஹுதைபாவின் கட்டிலருகே போய்விட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள். வாப்பாவுக்காக உருகினவன் என்று பேர் ஆகிவிட்டது.

"உண்மையச் சொல்லுங்களே" என்றாள் நதா.

"கவலையில விழுந்தான் எண்டா எனக்காக அல்லாஹ்ட்ட துஆக் கேப்பாங்க. மீன் படம் புடிச்சு விழுந்தான் எண்டா சிரிப்பாங்க. ராத்தாவும் எப்புடி நிம்மதியா இரிப்பாங்க?"

"எனக்கு நிம்மதி?"

வாசலில் வந்து நின்றவருக்கு அவன் ஸலாம் சொன்னான்.

சனம் போனபின் கைரியா எண்ணெய்க் கிண்ணத்தைத் தடித்த துணியில் பிடித்தபடி வந்தாள். "மாத்தளை வைத்தியர் தந்தது. சூட்டோட தேய்க்கணுமாம். நீ எழும்புவாய்டா, எண்ட மனசு சொல்லுது."

"தேய்ங்க ராத்தா."

அவள் பாதத்தில் ஊற்றினாள். அந்தத் துணியாலேயே அழுத்தித் தேய்த்தாள். கடை யார் பார்க்கிறார்கள், அஸ்ஃபர் மச்சானின் சீனி வருத்தம் எப்படி என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். பிளேன்டியோடு உள்ளே வந்த நதா கோப்பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து கைரியாவின் கையைத் தட்டிவிட்டாள்.

பாதம் சிவந்து, தோல் குமிழ் குமிழாகக் கிளம்பியிருந்தது.

கைரியா தன் விரலைக் கிண்ணத்தில் வைத்து வெடுக்கென்று எடுத்தாள். "யா அல்லாஹ்! இவ்வளவு சூடா? ஏன்டா நீ சொல்லல்ல?"

ஹுதைபா தலையணையிலிருந்து தலையை உயர்த்தித் தன் காலைப் பார்த்தான்.

"எந்தக் கால், ராத்தா?" என்று கேட்டான்.