கராஜில் ஓர் அரவை

மில்வாக்கியில் என் பக்கத்து வீட்டு டுவேன் சொந்தமாக பியர் காய்ச்சுகிறவன். கடையில் உடைத்துத் தரும் முளைகட்டிய பார்லியை நாய்கூடச் சீந்தாது என்பது அவன் கட்சி. சனிக்கிழமை கராஜில் புது அரவை இயந்திரத்தைச் சுழற்ற அதில் டிரில் மெஷினை மாட்டினான். உருளைகளின் இடைவெளியைத் தகடு வைத்து மூன்று முறை அளந்தவன், மூட்டையைப் பார்க்காமலே கவிழ்த்தான். ஒன்றிரண்டாக உடைய வேண்டிய பார்லி மாவாகப் பறந்தது. வெந்நீரில் கொட்டியதும் எல்லாம் களியாகி, அண்டாவின் குழாயில் ஒரு சொட்டுச் சாறுகூட இறங்கவில்லை.

"மட்டமான சரக்கத் தள்ளிட்டான்யா கடைக்காரன்!" என்று என்னிடம் கத்தினான்.

அவன் மனைவி மார்லிஸ் எட்டிப் பார்த்தாள். "பழக்கதோஷத்துல கடையிலயே ஒடச்சுத்தானே வாங்கிட்டு வந்த? ஒடச்சதையே மறுபடி ஒடச்சிருக்க."

டுவேன் என் பக்கம் திரும்பினான். "பாத்தியா? நான்தான் அப்பவே சொன்னேன்ல, கடையில ஒடச்சா இப்படித்தான் ஆகும்!"