ஆஸ்பத்திரி கொடுத்த கணவர்

எங்கள் ஊர்ப் பெரியாஸ்பத்திரியில், கல்யாணம் ஆகாத பெண்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் முதலில் ஒரு கணவரை வாங்கிக்கொள்ள வேண்டும். மாத்திரை கொடுக்கும் சன்னலுக்கு அடுத்த சன்னலில் கொடுப்பார்கள். இலவசம்தான். மாலைக்குள் திருப்பிவிட வேண்டும்.

நான் போனபோது சன்னலுக்குள் பிலோமினா சிஸ்டர் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு வீட்டுக்காரர் வேண்டாம், சிஸ்டர். டெஸ்ட் மட்டும் எடுக்கணும்."

"எதுக்கு?"

"ஒரு சந்தேகம்."

"சந்தேகமெல்லாம் வீட்டுக்காரர்தாம்மா கேக்கணும். நீங்க கேட்டா டாக்டருக்குக் காது கேக்காது."

அவருக்குப் பின்னால் கொடியில் நாலைந்து கணவர்கள் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவரை எடுத்து உதறிக் கொடுத்தார். பெயர் சுடலையாண்டி. ஐம்பது வயதிருக்கும்.

"காலர் மட்டும் ஈரம். நடக்க நடக்கக் காஞ்சிரும்."

என் சந்தேகம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் மதுரையில் அலுவலகப் பயிற்சி. ஜெயசீலன் என்று ஒருவன் பக்கத்து நாற்காலியில் இருந்தான். என்னைச் சிரிக்க வைத்தான். கடைசி நாள் அவன் அறைக்குப் போனேன். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆணுறை கிழிந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தோம். "ஒண்ணும் ஆவாது" என்றான். இப்போது என் உள்ளங்கைகளில் சிவப்புப் புள்ளிகள். வலியில்லை, அரிப்பில்லை. அவன் எண்ணுக்கு அழைத்தால் ஒரு டீக்கடை எடுக்கிறது. "வடை முடிஞ்சிட்டு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறது.

பரிசோதனை அறை எதிரே தெரிந்தது. நடந்தோம்.

"யாரு அவன்?" என்றார் சுடலையாண்டி.

"தெரிஞ்சவர்."

நடைகூடம் ஒரு சன்னல் அளவு நீண்டது.

"நம்ம ஆளுகளா?"

இன்னொரு சன்னல்.

"உங்கம்மைக்குத் தெரியுமா?"

கதவு தெருமுனைக்குப் போய்விட்டது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"ஏட்டி, பொம்பள இப்படி ஓடக் கூடாது."

எனக்கு அழுகை வந்தது. கல்யாணமாகிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஒருவழியாகக் கதவைப் பிடித்து உள்ளே போனோம். டாக்டருக்கு வெள்ளை மீசை. நல்ல மனிதர் போலத்தான் இருந்தார்.

"டாக்டர், என் கையைப் பாருங்க" என்றேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். "இந்த ஃபேன் ரொம்பச் சத்தம் போடுது. ஆளை வரச் சொல்லணும்."

நான் இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முகத்துக்கு நேரே விரித்தேன். அவர் அவற்றுக்கு இடையே எட்டிப் பார்த்து, "சார், நீங்க சொல்லுங்க" என்றார்.

"இவளுக்கு ஒரு பயம், டாக்டர்."

"பயமா? நீங்க கையை நீட்டுங்க, சார்."

சுடலையாண்டி நீட்டினார். ரத்தம் எடுத்தார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் டாக்டர் சிரித்தார்.

"சுத்தமா இருக்கு. சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

"என் ரத்தம்?" என்றேன்.

ஃபேனை மாற்றியே தீர வேண்டும் என்றார் டாக்டர்.

"எனக்கு இல்லேன்னா ஒனக்கும் இல்ல. நாம என்ன வேற வேறயா?" என்றார் சுடலையாண்டி. வாசலில் எனக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. மனிதர் உண்மையிலேயே பயந்திருக்கிறார். எனக்காக இல்லை. அவரை இழுத்துக்கொண்டுபோய்ச் சன்னலில் திருப்பிக் கொடுத்தேன்.

அங்கே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பெயர் ராஜகனி என்றாள். நூல் மில்லில் வேலை.

"நான் மூணு தடவ வந்துட்டேன், அக்கா. வாங்கிட்டுப் போன வீட்டுக்காரங்க எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கு. எனக்கு என்னன்னுதான் தெரியல."

"இன்னைக்கு இனிமே ஆள் கிடையாது. மிச்சமெல்லாம் ஈரம்" என்றார் சிஸ்டர்.

"நான் போறேன், சிஸ்டர். இவளுக்கு வீட்டுக்காரரா."

பிலோமினா சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சட்டை இருக்கா?"

"இல்ல."

கொடியிலிருந்து ஒரு சட்டையை உருவிக் கொடுத்தார். அது என் முழங்கால் வரை தொங்கியது. "போதும்" என்றார்.

ராஜகனியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. நாலு எட்டில் கதவு வந்துவிட்டது.

"வாங்க சார், உக்காருங்க." டாக்டர் நாற்காலியைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார். டீ கொண்டுவரச் சொன்னார்.

"கையில புள்ளி வந்திருக்கு, டாக்டர். ஒருத்தரோட இருந்தேன். உறை கிழிஞ்சிட்டு."

இரண்டு மாதமாக யாரிடமும் சொல்ல முடியாத சொற்கள். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "ஆம்பளைன்னா அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும்" என்றார். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"சிபிலிஸ், சார். ஒரு ஊசியில சரியாயிரும். எச்.ஐ.வி. இல்ல. மூணு மாசம் ஆனதும் இன்னொரு தடவ பாத்துருவோம். கூட இருந்தவங்களையும் டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான். நான் தூங்காமல் கிடந்தது இந்த நாலு வார்த்தைக்காக. டாக்டரை அறையலாமா, கும்பிடலாமா என்று தெரியவில்லை. ஊசியை இடுப்பில் போட்டார். நன்றாக வலித்தது. அது என் வலி. அதை யாரும் எனக்காக வாங்கிக்கொள்ளவில்லை.

கதவு வரை வந்து வழியனுப்பிய டாக்டர், ராஜகனி பக்கத்திலேயே நிற்க, என் காதருகே குனிந்தார்.

"வீட்டம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, சார்."

வெளியே வந்ததும் ராஜகனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி போட்ட இடத்தைக்கூடக் காட்டினேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள்.

சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அவளுக்கு இன்னும் பெரிதாக இருந்தது. கையை மடித்துவிட்டேன். பொத்தானைக் கழுத்துவரை போட்டுவிட்டேன்.

"நானும் உள்ள வரணுமா?"

"வாங்கக்கா. சம்சாரம் இல்லாமப் போனா நல்லாருக்காது."

நான் கதவோரமாக நின்றுகொண்டேன். டாக்டர் மறுபடி கைக்குட்டையை எடுத்து நாற்காலியைத் துடைத்தார். ராஜகனி உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, டீ வரட்டும் என்று காத்திருந்தாள்.