துண்டுக்குள் பேசிய ஒப்பந்தம்

அம்மா உடம்புக்கு முடியாமல் கிடக்கிறாள், உடனே புறப்பட்டு வா என்று கார்டு வந்ததால்தான் கந்தவேல் சேலத்திலிருந்து ராசிபுரத்துக்கு அடித்துப் பிடித்து ஓடிவந்தான். வந்து பார்த்தால் அம்மா மாரக்காள் அடுப்படியில் கம்பீரமாகக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். இண்டர்மீடியட் காமர்ஸ் பரீட்சைக்கு இரண்டே மாதம் இருக்கும்போது இப்படியொரு பொய்க் கார்டு போட்டால் எவனுக்குத்தான் வயிறு எரியாது?

"ஏனுங்கப்பா இப்படிப் பண்ணுனீங்க?"

காளியண்ணன் மகனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நூல்கடை மொதலாளி உன்னயப் பாக்கோணும்ங்கறாரு. வா சாமி."

வீட்டுத் தறிகள் இரண்டும் சும்மா கிடந்தன. உலகச் சண்டைக் காலம், நூலுக்குச் சர்க்கார் கன்ட்ரோல் வந்து இரண்டு மாதமாக ஒரு கட்டு நூல் கண்ணில் படவில்லை. ஊரில் நூல் வைத்திருந்தவர் நூல்கடை முதலாளி வீரபாகு ஒருவர்தான். அவருக்கோ வேறு தலைவலி. கணக்குப்பிள்ளை பட்டாளத்துக்குப் போய்விட்டான். சர்க்கார் நிரப்பி அனுப்பச் சொன்ன இங்கிலீஷ் பாரங்கள் கடையில் குவிந்து கிடந்தன. அதைப் படித்து எழுதத் தெரிந்த காமர்ஸ் படிப்பாளி ராசிபுரத்தில் ஒரே ஒருவன். படித்த படிப்பே வந்து பிடரியைப் பிடித்தது, பாவம்.

கடைக்குள் நுழைந்ததும் வீரபாகு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலது கையின் மேல் போட்டார். காளியண்ணன் தன் கையை அதற்குள் விட்டார்.

மாட்டுச் சந்தையில் அப்படித்தான் விலை பேசுவார்கள். துண்டுக்குள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பது. எத்தனை விரல், என்ன விலை என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். பேரம் முடிந்த பிறகும் மூன்றாவது ஆளிடம் வாய்விடக் கூடாது. விட்டவனை அப்புறம் ஒருவரும் மதிக்கமாட்டார்கள். கந்தவேல் இதைக் காலேஜில் வேடிக்கையாகச் சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தவன். இன்றைக்குத் துண்டுக்குள் பேசப்பட்டது அவன்தான்; வேடிக்கை அவனைப் பார்த்து நின்றது.

துண்டு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. அப்பாவின் நெற்றியில் வேர்வை பூத்தது.

மெர்கன்டைல் லா என்ற வியாபாரச் சட்டப் புத்தகத்தில் முதல் பாடமே ஒப்பந்தம்தானே! கந்தவேல் துணிந்து வாயைத் திறந்தான்.

"மொதலாளி, எனக்குப் பதினெட்டு ஆவறதுக்கு இன்னும் நாலு மாசம் இருக்குதுங்க. நான் மைனருங்க. மைனர் பண்ற ஒப்பந்தம் சட்டப்படி செல்லாதுங்க!"

வீரபாகுவுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

"அட, கெட்டிக்காரப் புள்ளையா இருக்கறயே! அதுனாலதான் சாமி உன்னயக் கேக்கல. உங்கப்பங்கூடப் பேசறேன்."

கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். துண்டு விலகியது. உள்ளேயிருந்து நூல் மூட்டையைக் கொண்டுவந்து காளியண்ணன் காலடியில் போட்டார்கள். கந்தவேலுக்கு முன்னால் இங்கிலீஷ் பாரங்களையும் மைக்கூட்டையும் வைத்தார்கள்.

"காலேஜ்ல கெடக்கற பொட்டிய ஆளு உட்டு எடுத்தாரச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு வீரபாகு உள்ளே போனார்.

கந்தவேல் பாய்ந்து வந்து அப்பாவை மறித்தான்.

"பரீச்சைக்காச்சும் உடுவாருங்களாப்பா?"

"அதத்தான் சாமி கார்டு போடறப்பவே கேட்டேன். முடியாதுன்னுட்டாரு."

"அப்ப எத்தன வருசமுங்க நான் இங்க இருக்கோணும்?"

காளியண்ணனின் கண் கலங்கிவிட்டது. குனிந்து மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்லப்படாது சாமி," என்றார்.