சூட்டுக்குக் கொடுத்தது

சளியில் இன்னும் கிருமி இருக்கிறது என்று காசநோய்ப் பிரிவு ஜோஸ்பின் சிஸ்டர் சொன்னதும், சண்முகவள்ளிக்குப் புருஷன் சோலைமலையின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. இரண்டு மாதமாக விடிந்ததும் எதிரில் நின்று மாத்திரையை விழுங்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவள் அவள். கூடவே மாத்திரையைத் தொடங்கிய மேலத்தெரு பேச்சாயிக்குச் சளி சுத்தமாகி, அவள் களையெடுக்கவே போய்க்கொண்டிருக்கிறாள். இந்த மனுஷனுக்கு மட்டும் என்ன கேடு?

மகளைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வர முடியாமல் போனதே அவளுக்குத் தீராத வயிற்றெரிச்சல். சுகன்யா சின்னாளப்பட்டியில் மாமியார் வீட்டிலிருந்தே பிள்ளை பெற்றாள். சளி சுத்தமானால் தாயையும் பிள்ளையையும் அனுப்புவதாகச் சம்பந்தியம்மா சொல்லியிருந்தாள். அதை நம்பி சண்முகவள்ளி வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்திருந்தாள்.

"அண்ணன் பீடியை விட்டுட்டாராக்கா?"

"அன்னிக்கே விட்டாச்சு சிஸ்டர். முட்டை, சுண்டல்னு பாத்துப் பாத்துத்தான் போடுறேன். சூட்டுக்கு நன்னாரி சர்பத்து, கரும்புச்சாறுன்னு ஒண்ணுக்கும் கொறை வைக்கல."

"என்ன சூடு?"

சோலைமலை தலையைக் குனிந்துகொண்டார். பூத்தோட்டத்தில் நாள் முழுக்க வாயடிக்கிற மனுஷன், இதை மட்டும் சிஸ்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டுக் கிடந்தார். சண்முகவள்ளிதான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஒண்ணுக்கு செவசெவன்னு போகுது. அம்புட்டுச் சூடு ஒடம்புல."

ஜோஸ்பின் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அது மாத்திரையோட நெறங்க்கா! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அவருக்கு நுரையீரல்ல ஓட்டை இருக்கு, கிருமியும் ஆரம்பத்துலயே ஜாஸ்தி. அதுக்கே தெளிய நாளாகும். இதுல சர்க்கரையையும் ஏத்திவிட்டா மருந்து எப்படிப் பிடிக்கும்? இனிப்பே ஆகாதுன்னு சொல்லி, சர்க்கரை மாத்திரையும் அண்ணன் கையிலதானே குடுத்தேன்?"

"சர்க்கரையா?" சண்முகவள்ளி புருஷன் பக்கம் திரும்பினாள். "எங்கிட்டச் சொன்னீங்களா?"

"ஒரு சீக்குக்கே ஊரு தள்ளி நிக்குது. ரெண்டாவதையும் சொல்லிக்கிட்டுத் திரியவா?" சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அவர் தெரிந்தே குடித்திருக்கிறார், இன்னும் கொஞ்சம் ஊத்து என்று கேட்டும் குடித்திருக்கிறார். அவளும் பாசம் பொத்துக்கொண்டு கலக்கிக் கலக்கிக் கொடுத்திருக்கிறாள். யாரைத் திட்டுவது? மருந்துக்கு அடங்காத கிருமியா என்றும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஜோஸ்பின் மறுபடி சளி எடுக்கச் சிறு டப்பாவை நீட்டினாள்.

பஸ் ஸ்டாப்பில் அவரை விட்டு எட்டியே உட்கார்ந்தாள். போன் அடித்தது. வீடியோவில் சுகன்யா.

"அம்மா, என்ன சொன்னாக? வெள்ளிக்கிழமை நல்ல நாளாம், அன்னிக்கே கெளம்பச் சொல்றாக அத்தை."

சண்முகவள்ளி எழுந்து போய்ப் போனைப் புருஷன் கையில் திணித்தாள். "நீங்களே சொல்லுங்க."

அவர் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். சுகன்யா அதற்குள் பிள்ளையைக் காட்டிக்கொண்டிருந்தாள். திரை முழுக்க அதன் முகம். கண்ணை இடுக்கிக்கொண்டு கொட்டாவி விட்டது. "சுகன்யா..." என்று தொடங்கியவருக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பி, பிள்ளை மேல் பட்டுவிடாமல், போனைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இருமினார்.