நாலாவது ஷரத்து

மணி நாலடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. பத்தாம் வகுப்புக்கு வெர்சேல்ஸ் உடன்படிக்கைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 'தோற்ற நாட்டின் மீது விதிக்கப்பட்ட கடுமையான ஷரத்துகளே' என்று சொல்லி எழுத வைத்தவன், அதோடு நின்றுவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே வைரக்கண்ணு போய்க்கொண்டிருந்தார். தோளில் கோணி. அதற்குள் நெல் அறுக்கிற கருக்கரிவாள் நாற்பத்திரண்டு. அவர் அடியெடுத்து வைக்க வைக்க உள்ளே இரும்போடு இரும்பு உரசும். அதைக் கேட்டால் எனக்குப் பல் கூசும். அந்தக் கோணியை அவர் தோளில் ஏற்றியது என் பேனா.

ஆட்சி மாறி நாலு வருஷம் ஆகிறது. நியாயக் கூலி என்று சட்டமெல்லாம் போட்டாகிவிட்டது. மெட்ராஸிலிருந்து அது எங்கள் ஊருக்கு வருகிற பஸ்ஸைத்தான் இன்னும் காணோம். குறுவை அறுப்பின்போது கூலி நெல்லில் அரை மரக்கால் கூடக் கேட்டு தெற்குத் தெருக் கூலியாட்கள் யாரும் வயலில் இறங்கவில்லை. இருபத்து மூன்று நாள். மிராசுதார் துரைராசு லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார், பின்னாலேயே போலீஸ் ஜீப்பும் வந்து நின்றது. கடைசி வாரத்தில் சங்கத் தலைவர் வைரக்கண்ணு வீட்டு வாசலில் பெண்கள் உட்கார்ந்து அழுதார்கள். பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சக்கூட நொய் இல்லை. அதற்குப் பிறகுதான் அவர் சமாதானத்துக்குப் போனார்.

ஒப்பந்தம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். நான் முத்துப்பேட்டைக்காரன், இரண்டு தரப்பிலும் எனக்கு மாமன் மச்சான் கிடையாது. எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். மாட்டுக் கொட்டகையில் பலகை போட்டு உட்கார வைத்தார்கள். பழைய கூலிதான் என்றார் துரைராசு. எழுதினேன். சங்கக் கொடிக்கம்பத்தை அவர்களே பிடுங்கிவந்து இந்தக் கொட்டகைக்குக் குறுக்குக் கம்பாகக் கட்ட வேண்டும் என்றார். எழுதினேன். அதோடு விட்டிருந்தால்கூட ஆறிப்போயிருக்கும். ஜெயித்த போதை லேசில் இறங்குமா? தெருவில் உள்ள அத்தனை கருக்கரிவாளும் தினமும் பொழுது சாய்வதற்குள் தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், விடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம், வீடுவீடாகப் போய் வாங்கிவருவது வைரக்கண்ணு பொறுப்பு என்றார். அதையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். வைரக்கண்ணு வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. "சார் எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். பாவி, நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

கோணிச் சத்தம் கேட்ட மறுநாள், சனிக்கிழமை மத்தியானம், வைரக்கண்ணு என் வாடகை வீட்டுக்கு வந்தார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். கதவோரமாகவே குந்திக்கொண்டார். நாலு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார்.

"ஒரு அருவா கொறையுது சார்."

எனக்குப் பகீரென்றது. "யாரோடது?"

"செல்லதுரையோடது. எங்க அக்கா மவன். காணாப்போச்சுங்கறான். சிரிச்சுக்கிட்டே சொல்றான் சார்."

திருத்துறைப்பூண்டிச் சந்தையில் புதிதாக ஒன்று வாங்கி, சேற்றில் புரட்டிப் பழசாக்கி, ஐந்து நாளாக அதைக் கோணியில் போட்டுச் சமாளித்து வருகிறாராம். துரைராசுக்கு இன்னும் தெரியாது.

"காணாப்போனது யாருக்குன்னு தெரியல. மிராசு ஐயாவுக்கா, எனக்கான்னு." சொல்லும்போதே கழுத்தைத் தடவிக்கொண்டார். "எம் பொஞ்சாதி அம்சத்தோட ஒருத்தியும் பேசறதில்ல சார். புள்ள பசில துடிக்குதுன்னு எங்கிட்ட அழுதவளுவதான். இப்ப நான் போனா, கோணிக்காரன் வர்றான்னு புள்ளைய உள்ள இழுத்துக்கறாளுவ. செல்லதுரை வாயத் தொறந்தாதான் இப்ப கூட்டம் நிக்குது."

நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"மூணாவத மட்டும் எடுத்துட்டாப் போதும் சார். கூலி கெடக்கட்டும், கம்பம் கெடக்கட்டும். இந்தக் கோணி போச்சுன்னா தெருவுல திரும்பத் தலை காட்டிருவேன். என் பேச்சையும் நாலு பேரு கேப்பாங்க. தை அறுப்புக்குள்ள சொல்லிப் பாருங்க. உங்க வார்த்தையத் தட்ட மாட்டாரு."

சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை காலை துரைராசு வீட்டுக்குப் போனேன். பட்டப்பகலில் வாசல் கதவைத் தாழ் போட்டிருந்தார்கள். யாரு யாரு என்று மூன்று தடவை கேட்ட பிறகுதான் திறந்தார்கள். துரைராசுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அரிவாள்களை அவர் படுக்கிற அறைக்கு அடுத்த அறையில்தான் பூட்டி வைக்கிறார்.

"ஜெயிச்சவன் நிம்மதியாத் தூங்கணும்ல சார்? எலி உருட்டுனாக்கூட எந்திரிச்சு உக்காந்துர்றேன்."

ஆகா, ஆள் இளகியிருக்கிறார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மனுஷரை நேராகக் கேட்கத் துணிச்சல் இல்லாமல் ஜெர்மனியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டேன். தோற்ற நாட்டின் படையைக் குறைத்தது, கப்பலைப் பறித்தது, தலைகுனிய வைத்தது எல்லாம் சொன்னேன். கையெழுத்துப் போட்டவர்களை அவர்கள் ஜனமே துரோகி என்றது. நாலு நல்ல வார்த்தை பேசக்கூடியவர்களை ஒருவரும் மதிக்கவில்லை. அந்த இடத்துக்கு வேறொருத்தன் வந்தான். இருபதே வருஷத்தில் உலகமே பற்றி எரிந்தது. வகுப்பில்கூட நான் இவ்வளவு உருகி நடத்தியதில்லை. துரைராசு கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்.

"அப்ப, முழுசாப் புடுங்காம உட்டுருக்கானுவ."

"இல்லைங்க, நான் சொல்ல வந்தது..."

"புரியுது சார். நல்லவேள சொன்னீங்க. நான் கருக்கருவாவோட நின்னுட்டேன் பாருங்க." எழுந்துபோய் அந்த ஒப்பந்தத்தாளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "நாலாவது ஷரத்துன்னு போடுங்க. வெட்டுக்கத்தி, பாளை அருவா, அருவாமண, ஒண்ணு விடாம வரணும்."

"அரிவாள்மணையுமாங்க? பொம்பளைங்க மீன் அரிய..."

"இங்க வந்து அரிஞ்சுக்கிட்டுப் போவட்டும்."

நாற்பத்திரண்டில் ஒன்று உங்கள் கையில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வைரக்கண்ணு தொலைந்தார். எழுத மாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த ஊரில் எனக்கு வீடு இல்லை. பேனா மூடியைத் திருகினேன். இருபது வருஷமாக அந்தப் பாடத்தை நடத்துகிறேன். அந்த உடன்படிக்கையை எழுதிக் கொடுத்த குமாஸ்தாவைப் பற்றி ஒரு வருஷமாவது யோசித்திருப்பேனா?

தாளை நானே கொண்டுபோனேன். வைரக்கண்ணு குடிசை வாசலில் அவர் மனைவி அம்சம் கெளுத்தி மீன் அரிந்துகொண்டிருந்தாள். நல்ல சேதி என்று நினைத்து அவர் எழுந்து வந்தார். இந்தத் தடவை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார். வாசித்து முடித்ததும் என்னைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தார். எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்ற செல்லதுரையும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதத்தான் கேட்டு வாங்கியாந்தீங்களா சார்?"

அம்சம் அரிவாள்மணையைக் கழுவித் துடைத்து என் காலடியில் வைத்தாள். "மொதல்ல எங்க வீட்டுத எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

"இன்னிக்குக் கையெழுத்து வேணாம் சார்" என்று தாளை மடித்து மடியில் செருகினார் வைரக்கண்ணு. "நாளைக்குத் தெருவுல கேட்டுட்டுச் சொல்றேன்."

கேட்காதீர்கள், ராத்திரியே அம்சத்தைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. செல்லதுரை பார்த்துக்கொண்டே இருந்தான். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அதே வகுப்பு, அதே பாடம். 'கடுமையான ஷரத்துகளே' என்று மறுபடி ஆரம்பித்தேன். காது முழுக்க ஜன்னலில். நாலடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஐந்து நிமிஷம் ஆயிற்று. இரும்புச் சத்தம் வரவில்லை. யா அல்லா, இன்று மட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்க வை, இனி ஒரு எழுத்து எழுத மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

காலடிச் சத்தம்தான் வந்தது. நிறையக் காலடி. தெற்குத் தெருவே வந்துகொண்டிருந்தது. கோஷம் இல்லை, கொடி இல்லை. ஆண்கள் இடுப்பில் கருக்கரிவாள். பெண்கள் சிலர் கையில் அரிவாள்மணை. முன்னால் செல்லதுரை. அவன் தோளில் அந்தக் கோணி மடித்துக் கிடந்தது. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். வைரக்கண்ணுவைக் காணோம். அம்சத்தையும் காணோம்.

செல்லதுரை ஜன்னல் பக்கம் வந்து மரியாதையாக நின்றான். "வணக்கம் சார். ஐயா எல்லாத்தையும் கேட்டாராம்ல? நாங்களே கொண்டுபோறோம்."

"வைரக்கண்ணு எங்கப்பா?"

அவன் சிரித்துவிட்டு நடந்தான். கோணியை அப்போதுதான் வாய்க்காலில் அலசியிருக்க வேண்டும். அவன் போன வழியெல்லாம் புழுதியில் தண்ணீர் சொட்டிக்கொண்டு போயிற்று. வகுப்பில் முப்பது பேரும் பேனாவைப் பிடித்தபடி குனிந்திருந்தார்கள். முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சார், 'ஷரத்துகளே'க்கு அப்புறம் என்ன சார்?"